பொத்தானை அழுத்த மறுத்தவரும் கூட இருந்தவர்களும்

நிசே ட சில்வேராவைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் ஒரு கதையிலிருந்துதான் தொடங்குவார்கள். வருஷம் 1944. ரியோ டி ஜெனிரோவின் வடபகுதியில் எஞ்ஜென்யோ டி டென்ட்ரோ என்ற இடத்தில் இருக்கும் அரசாங்க மனநோய் ஆஸ்பத்திரி. எட்டு வருஷம் அரசுப் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டிருந்த பெண் டாக்டர் ஒருவர் திரும்பவும் வேலைக்கு வந்து சேர்கிறார். புதிதாக வந்திருக்கிற வைத்திய முறைகளைக் காட்டுவதற்காக சக டாக்டர் அவரை வார்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். கட்டிலில் ஒரு ஆள். டாக்டர் பொத்தானை அழுத்துகிறார். உடம்பு தூக்கிப் போடுகிறது. அவரை அப்புறப்படுத்திவிட்டு அடுத்தவரைக் கொண்டுவந்து கிடத்துகிறார்கள். இப்போது நீங்கள் அழுத்துங்கள் என்கிறார் டாக்டர். அழுத்த மாட்டேன் என்கிறார் நிசே.

இந்தக் கதையை நானும் நாலைந்து கூட்டங்களில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். கடைசியாகச் சொன்ன கூட்டத்தில், வார்டு நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா பின்வரிசையிலிருந்து எழுந்து கேட்டார்: "அழுத்த மாட்டேன்னு சொல்லிட்டு அவங்க போயிட்டாங்க, சரி. கட்டில்ல கெடந்தவரை யாரு எந்திரிச்சு உட்கார வச்சது? அங்க நர்ஸுங்க யாருமே இல்லையா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சங்கடமாகச் சிரித்து மழுப்பினேன். வீட்டுக்கு வந்து, பத்திரப்படுத்தி வைத்திருக்கும் தொண்ணூறுகளின் சிறுபத்திரிகைகளைப் புரட்டினேன். ஃபூக்கோ இருக்கிறார், ஃபனோன் இருக்கிறார், லக்கான் வண்டி வண்டியாக இருக்கிறார். பகுத்தறிவு பைத்தியத்தை எப்படிப் பூட்டிவைத்தது என்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். டாக்டர் என்கிற அதிகாரம் ஒரு பக்கம், வாய் அடைக்கப்பட்ட பைத்தியம் மறு பக்கம் என்று இருமையை நாமே கட்டமைத்துவிட்டு அதை நாமே கட்டுடைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். இரண்டுக்கும் நடுவே சாவிக்கொத்தோடும் மலச்சட்டியோடும் நடந்துபோன ஒரு பெண், நம் சொல்லாடலுக்குள் எந்த இடத்திலும் இல்லை. அந்த அம்மா கேட்ட கேள்வியை வைத்துக்கொண்டு பிரேசிலின் கதையை மறுபடி வாசிக்க முயன்றதன் விளைவுதான் இந்தக் கட்டுரை.

*

முதலில் நிசேயை அவருடைய இடத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். 1905இல் வடகிழக்கு மாநிலமான அலகோவாஸின் தலைநகர் மசேயோவில் பிறந்தவர். பாஹியா மருத்துவக் கல்லூரியில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு நடுவே ஒரே பெண்ணாகப் படித்து 1926இல் வெளியே வந்தார். இந்தக் கல்லூரி லேசுப்பட்டதல்ல. கறுப்பர்களும் கலப்பு நிறத்தவரும் பிறவியிலேயே குற்றத்துக்கும் மனச்சிதைவுக்கும் சாய்ந்தவர்கள் என்று 'அறிவியல்' பேசிய நினா ரோட்ரிகஸ் பாடம் நடத்திய இடம் அது. அதே கல்லூரியில் படித்துத் தேறிய கறுப்பரான ஜூலியானோ மொரெய்ரா, இந்த இனவாத அறிவியலை அதன் களத்திலேயே மறுத்தார். 1903இல் ரியோவின் தேசிய மனநோய் மருத்துவமனைக்குப் பொறுப்பேற்று, கைகால்களைக் கட்டிவைக்கும் சட்டைகளையும் ஜன்னல் கம்பிகளையும் அகற்றினார். பிரேசிலில் மனநோய் மருத்துவம் தொடங்கும்போதே நிறத்தின் கேள்வி அதன் அடிவயிற்றில் இருந்தது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

நிசே ரியோவுக்கு வந்தார். இடதுசாரி வட்டங்களில் பழகினார். கட்சியிலும் கொஞ்ச நாள் இருந்தார்; ட்ராட்ஸ்கியவாதி என்று சொல்லி அங்கிருந்தும் விலக்கினார்கள் (எந்த ஊர்க் கட்சிக்கும் இது பழக்கமான காரியம்தான்). 1935 நவம்பரில் நடந்த கம்யூனிஸ்ட் கிளர்ச்சி தோற்ற பிறகு வர்காஸ் அரசு கண்ணில் பட்டவர்களையெல்லாம் அள்ளிக்கொண்டுபோனது. 1936 மார்ச்சில் நிசேயையும் பிடித்தார்கள். ஆஸ்பத்திரி வளாகத்திலேயே இருந்த அவருடைய அறையில் மார்க்சியப் புத்தகங்களைப் பார்த்துவிட்டு ஒரு நர்ஸ் காட்டிக்கொடுத்தார் என்பது வரலாறு.

ஆக, நர்ஸ் இருந்தார். ஆனால் கதைக்குள் அவர் நுழைகிற ஒரே வாசல் காட்டிக்கொடுத்தவர் என்பதுதான். இதே சம்பவத்தின் இன்னொரு பாதியை நிசே பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அவருக்குக் காலையில் காபி கொண்டுவந்து கொடுக்கும் ஒரு நோயாளிப் பெண், டாக்டரம்மாவைப் போலீஸ் கூட்டிப்போனதைக் கேள்விப்பட்டு அந்த நர்ஸைப் போட்டு அடித்துவிட்டாராம். மனச்சிதைவு வந்தவர்களுக்கு உணர்ச்சி மரத்துவிடும் என்று பாடப்புத்தகம் சொல்வது பொய் என்பதற்கு நிசே இதை உதாரணமாக வைத்தார். அழகான உதாரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு டாக்டரின் நன்மைக்காக இரண்டு அடித்தட்டுப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி அடித்துக்கொள்கிற காட்சியாகவும் இதை வாசிக்க முடியும் இல்லையா?

சிறையில் பெண்கள் அறையில் ஓல்கா பெனாரியோ இருந்தார். ஜெர்மன் யூதரான அவரைக் கர்ப்பிணி என்றும் பாராமல் நாஜிகளிடம் கப்பலேற்றி அனுப்பியது பிரேசில் அரசு. 1942இல் விஷவாயுவில் கொல்லப்பட்டார். அதே சிறையில் நாவலாசிரியர் கிராசிலியானோ ராமோஸும் இருந்தார். அவருடைய சிறை நினைவுகளில் நிசே வருகிறார். ஒரு வருஷத்துக்கும் மேல் உள்ளே. வெளியே வந்த பிறகும் 1944 வரை அரசு வேலை கிடையாது. அந்த எட்டு வருஷத்துக்குள் மனநோய் மருத்துவம் தலைகீழாக மாறியிருந்தது. இன்சுலின் கொடுத்து மயக்கத்தில் ஆழ்த்துவது, 1935இல் போர்த்துக்கீசிய டாக்டர் எகாஸ் மோனிஸ் தொடங்கிவைத்த மூளை அறுவை, 1938இல் ரோமில் கண்டுபிடிக்கப்பட்ட ஷாக் ட்ரீட்மென்ட், எல்லாமே இந்த இடைவெளியில் பரவின. நிசே மறுத்தது ஒரு பொத்தானை மட்டுமில்லை. தான் சிறையிலிருந்தபோது வெளியுலகில் 'விஞ்ஞானம்' எதை உருவாக்கியது என்பதை ஒரு முன்னாள் கைதியின் கண்ணால் பார்த்தார். கட்டிலில் கட்டிவைக்கப்பட்ட உடம்பை அவர் வேறு இடத்திலும் பார்த்தவர்.

எதையும் அழுத்த மாட்டேன் என்கிறவரை என்ன செய்வது? யாரும் மதிக்காத ஒரு பிரிவைக் கொடுத்தார்கள்: தொழில்வழிச் சிகிச்சை. அதுவரை அதன் பொருள் நோயாளிகளை விட்டு வார்டைக் கழுவச் சொல்வது, கக்கூஸைச் சுத்தம் பண்ணச் சொல்வது. சம்பளமில்லாத வேலைக்குச் சிகிச்சை என்று பெயர். 1946இல் நிசே அதைத் தலைகீழாக்கினார். ஆஸ்பத்திரி ஊழியராக இருந்த இளம் ஓவியர் அல்மிர் மவிஞியேரோடு சேர்ந்து ஓவியக்கூடம் திறந்தார். நோயாளி என்ற சொல்லை விட்டுவிட்டு 'வாடிக்கையாளர்' என்று கூப்பிட்டார். (இன்றைக்கு எல்லா ஆஸ்பத்திரியும் காசுக்காகச் சொல்கிற சொல், அன்றைக்கு அதன் அர்த்தம் வேறு.) 1949இல் எஞ்ஜென்யோ டி டென்ட்ரோவின் ஒன்பது கலைஞர்களின் படங்கள் சாவோ பாவ்லோவின் நவீன கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. 1952இல் 'நனவிலிப் படிமங்களின் அருங்காட்சியகம்'. 1956இல் ஆஸ்பத்திரிக்கு வெளியே காசா டாஸ் பல்மெய்ராஸ் என்ற வீடு. படுக்கவைக்காமல், பூட்டாமல், பகலில் வந்துபோகிற இடம். 1957இல் ஸூரிக் நகரில் நடந்த உலக மனநோய் மருத்துவ மாநாட்டில் இந்தப் படங்களின் கண்காட்சியை யுங் திறந்துவைத்தார்.

யுங்கோடு வந்த சிக்கலையும் சொல்ல வேண்டும். ஓவியக்கூடத்துக்கு வந்தவர்களில் அடெலினா கோமஸ் ஒருவர். ஏழை விவசாயிகளின் மகள். பதினெட்டு வயதில் ஒருவரை விரும்பியதை அம்மா தடுத்தார். பிறகு ஒருநாள் வீட்டுப் பூனையைக் கழுத்தை நெரித்துக் கொன்றார். 1937இல் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர் வரைந்த படங்களில் பெண்கள் பூவாகிக்கொண்டே இருக்கிறார்கள். அதில் கிரேக்க தாஃப்னேயை வாசித்தார் நிசே: அப்பொல்லோவிடமிருந்து தப்பி ஓடி மரமாகிப்போன பெண். வாசிப்பு அபாரமானது. ஆனால் ரியோ மாநிலத்தின் கிராமத்தில் ஒரு கூலிக்காரி தன் மகளின் காதலை ஏன் தடுத்தாள் என்ற கேள்வி அந்த நிமிஷமே கிரேக்கத்துக்குப் புறப்பட்டுப் போய்விடுகிறது. கூட்டு நனவிலிக்குச் சம்பளமும் கிடையாது, நிறமும் கிடையாது. இதற்கு மாறாக ஃபெர்னாண்டோ டினிஸ் விஷயத்தில் நிசே அவ்வளவு தூரம் பறக்கவில்லை. டினிஸ் பாஹியாவிலிருந்து வந்த கறுப்பர். அம்மா பணக்கார வீடுகளுக்குத் தைத்துக்கொடுத்தவர். ரியோவின் நெருக்கடியான ஒண்டுக்குடித்தனத்தில் வளர்ந்த பையன், அம்மாவோடு அந்தப் பெரிய வீடுகளுக்குப் போய்வந்திருக்கிறான். அவர் வரைந்ததெல்லாம் வீட்டின் உள்பக்கங்கள்: நாற்காலி, பியானோ, தரை ஓடு, பூச்சாடி. தனக்கென்று ஒரு வீடில்லாதவரின் ஏக்கத்தை நிசே அங்கே சரியாகவே பிடித்திருக்கிறார். மேதைகள் எல்லா நாளும் ஒரே மாதிரி வேலை பார்ப்பதில்லை.

*

இனி நர்ஸின் கதை. நிசேயின் கோட்பாட்டுக்குள்ளேயே அது ஒளிந்திருக்கிறது. உடைந்துபோன மனசு தன்னைத் திரும்பக் கட்டிக்கொள்ள மருந்து மட்டும் போதாது, பக்கத்தில் பயமுறுத்தாத ஒரு இருப்பு வேண்டும் என்றார் அவர். வினையூக்கியாக வேலை செய்கிற பாசம் என்று அதற்குப் பெயர் வைத்தார். நாயும் பூனையும்கூட அந்த வேலையைச் செய்யும் என்பதால் ஆஸ்பத்திரிக்குள் விலங்குகளை அனுமதித்தார். சரி, மனிதர்களில் இந்தப் பாசத்தை நாள் முழுக்கச் செய்துகொண்டிருந்தவர்கள் யார்? ஓவியக்கூடத்திலும் தையல் அறையிலும் வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கீழ்நிலை ஊழியர்கள். நிசேயின் கோட்பாட்டில் 'பாசம்' என்று வருகிற இடத்திலெல்லாம் 'உழைப்பு' என்று போட்டுப் படித்தால் பலர் கண்ணுக்குத் தெரிய வருகிறார்கள். அதில் ஒருவரை உலகத்துக்கே தெரியும், ஆனால் வேறு காரணத்துக்காக.

டோனா இவோனி லாரா. சம்பாவின் பேரரசி என்று பிரேசில் கொண்டாடுகிற பாடகி. 1922இல் ரியோவில் பிறந்த கறுப்பினப் பெண். சின்ன வயதிலேயே அப்பாவையும், பிறகு அம்மாவையும் இழந்தவர். விடுதிப் பள்ளியில் சேர்ப்பதற்காக அம்மா ஒரு வயது கூட்டிச் சொன்னதால் பல புத்தகங்களில் 1921 என்றே இருக்கும். நர்ஸிங் படித்தார், பிறகு சமூகப் பணியும் படித்தார். பிரேசிலில் அந்தப் படிப்பை முடித்த முதல் கறுப்பினப் பெண்களில் ஒருவர். எஞ்ஜென்யோ டி டென்ட்ரோவில் நிசேயோடு பல வருஷம் வேலை பார்த்தார். 1977இல் ஓய்வு பெறும்வரை அரசாங்க ஊழியர்.

அவர் என்ன வேலை செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து தள்ளப்பட்டவர்களின் குடும்பங்களைத் தேடிப்போவது. வடகிழக்கிலிருந்தும் மினாஸிலிருந்தும் பிழைக்க வந்து, தெருவில் விழுந்து, போலீஸ் வண்டியில் ஏற்றப்பட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். வருஷக்கணக்கில் யாரும் வந்து பார்த்திருக்க மாட்டார்கள். சிதறிச் சொல்லும் இரண்டொரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஊரைக் கண்டுபிடித்து, வெளி மாநிலங்களுக்கும் பயணம் போய், அண்ணனையோ மகளையோ தேடிப் பிடித்து, கூட்டிக்கொண்டு போங்கள் என்று பேசுவது. சிலர் வந்தார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள். மனநோய் ஆஸ்பத்திரி ஒருவரை எப்படி உள்ளே இழுத்துக்கொள்கிறது என்று ஃபூக்கோ நமக்குச் சொல்லிக்கொடுத்தார். வெளியே எடுப்பதற்கு பஸ் ஏறிப் போய்க் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. அதற்குக் கோட்பாடு இல்லை. பயணப்படி மட்டும்தான் உண்டு.

இசையையும் வார்டுக்குள் கொண்டுவந்தவர்களில் இவோனி லாரா முக்கியமானவர். வாத்தியங்களை வைத்து, நோயாளிகளைச் சேர்த்துப் பாடவைத்தார். அவர் வாழ்ந்த சேரின்யா குன்றுப் பகுதியில் பாட்டு என்பது சிகிச்சையின் கண்டுபிடிப்பு அல்ல, அன்றாடம். ஆனால் அங்கேயும் ஒரு பூட்டு இருந்தது. சம்பா கட்டுவது ஆண்களின் வேலை. ஆகவே இளம் வயதில் தான் கட்டிய பாட்டுகளைத் தன் உறவுக்காரர் ஃபுலெய்ரோவின் பாட்டு என்று சொல்லவைத்துத்தான் அரங்கேற்றினார். 1965இல்தான் இம்பேரியோ செர்ரானோ சம்பா பள்ளியின் கார்னிவல் பாட்டில் அவர் பெயர் வெளிப்படையாக வந்தது. அப்படிப் பெயர் போட்ட முதல் பெண் அவர். கார்னிவலுக்குப் போவதற்காக வருஷ விடுப்பைக் கார்னிவல் மாதத்துக்கு என்று ஒதுக்கி வைத்துக்கொள்வாராம். முதல் இசைத்தட்டு 1978இல், அதாவது ஓய்வு பெற்ற அடுத்த வருஷம். 56 வயது. அதே வருஷம் மரியா பெத்தானியாவும் கால் கோஸ்டாவும் அவருடைய பாட்டைப் பாடி நாடெங்கும் ஒலித்தது. 2018இல் அவர் இறந்தபோது வெளியான குறிப்புகளில் மருத்துவமனை வருஷங்கள் பெரும்பாலும் ஒற்றை வரியாகச் சுருங்கின. முப்பது வருஷத்துக்கும் மேலான உழைப்பு, பாடகியாவதற்கு முன்பு பார்த்த ஏதோ உத்தியோகம் என்பதாக.

*

சாவோ பாவ்லோவுக்குப் போவோம். அங்கே நடந்தது இன்னும் சிக்கலானது.

1936இன் கடைசியில் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதப் பெண் டாக்டர் அடல்ஹைட் கோஹ் அந்த நகரத்தில் வந்து இறங்கினார். பெர்லினில் உளப்பகுப்பாய்வில் முறையாகப் பயிற்சி பெற்றவர். பாஷை தெரியாது. போர்த்துக்கீசியம் படித்துக்கொண்டே 1937இல் பகுப்பாய்வைத் தொடங்கினார். முதன்முதலாக அவருடைய சாய்கட்டிலில் படுத்தவர் விர்ஜீனியா லியோனே பிகூடோ. நாஜிகளுக்குப் பயந்து ஓடிவந்த யூதப்பெண் தலைமாட்டில் உட்கார்ந்து கேட்கிறார். அடிமைகளின் பேத்தி படுத்துக்கொண்டு பேசுகிறார். ஒருவருக்குப் புது பாஷை, இன்னொருவருக்கு அந்த பாஷையில் இதுவரை பேசாத விஷயம். பிரேசிலின் உளப்பகுப்பாய்வு இப்படித்தான் ஆரம்பித்தது. அதன் அதிகாரபூர்வமான வரலாறு ரொம்ப நாளைக்கு இதில் நிறம் இருந்ததைச் சொல்லவேயில்லை.

பிகூடோ 1910இல் பிறந்தவர். அப்பா கறுப்பர், தபால் தந்தித் துறையில் வேலை. அம்மா இத்தாலியிலிருந்து குடியேறிய வெள்ளைக்காரப் பெண். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் 'கறுப்பி, கறுப்பி' என்று கத்தியதையும், அந்த வலிக்கு விடை தேடித்தான் சமூகவியலுக்கும் பிறகு உளப்பகுப்பாய்வுக்கும் வந்ததாகவும் வயதான பிறகு சொல்லியிருக்கிறார். சுகாதாரக் கல்வியாளராகப் பயிற்சி பெற்றார். பள்ளிகளின் மனநலப் பிரிவில் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளின் பெற்றோரோடு பேசுகிற வேலை. 1945இல் சாவோ பாவ்லோவின் சமூகவியல், அரசியல் சுதந்திரப் பள்ளியில் முதுகலை ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். தலைப்பு: சாவோ பாவ்லோவில் கறுப்பர்கள், முலாட்டோக்களின் இன மனப்பான்மைகள்.

இது எந்தக் காலம் என்பதைக் கவனிக்க வேண்டும். 1933இல் கில்பெர்ட்டோ ஃப்ரெய்ரி எழுதிய புத்தகத்துக்குப் பிறகு, பிரேசிலில் இனப்பகை இல்லை, எல்லாம் கலந்து இனிமையாகிவிட்டது என்ற நம்பிக்கை தேசியக் கருத்தியலாகவே ஆகியிருந்தது. பிகூடோவின் நெறியாளர் அமெரிக்க சமூகவியலாளர் டொனால்ட் பியர்சன். பிரேசிலில் பிரச்சினை வர்க்கம்தான், நிறமில்லை என்று பாஹியாவை வைத்து எழுதியவர். மாணவி போய்க் கறுப்பர்களிடமே கேட்டார். அடித்தட்டில் இருப்பவர்களிடமும் கேட்டார், படித்து மேலே வந்தவர்களிடமும் கேட்டார். 1931இல் தொடங்கி 1937இல் வர்காஸால் மூடப்பட்ட பிரேசில் கறுப்பர் முன்னணியையும் ஆராய்ந்தார். கிடைத்த விடை நெறியாளரின் கோட்பாட்டுக்கு நேர் எதிர். படித்து, வேலை வாங்கி, கோட்டு போட்டு மேலே ஏற ஏறத்தான் நிறம் என்கிற சுவர் முகத்தில் மோதுகிறது. வர்க்கம் மாறினால் நிறம் மறைவதில்லை, அப்போதுதான் நிறம் தெரிகிறது. முலாட்டோ கறுப்பரிடமிருந்து விலகி நிற்கப் படுகிற பாட்டையும், வெள்ளைக்காரனின் கண்ணால் தன்னையே பார்த்துக் கூசுகிற தன்னிலையையும் எழுதினார். ஃபனோனின் 'கறுப்புத் தோல், வெள்ளை முகமூடிகள்' வருவதற்கு ஏழு வருஷம் முன்பு. இதை யார் முதலில் என்ற பந்தயமாக்க வேண்டாம். ஆனால் ஃபனோனை நாம் வாசித்த அளவில் நூறில் ஒரு பங்குகூட பிகூடோவை வாசிக்காததற்கு மொழிபெயர்ப்பு மட்டும் காரணமில்லை.

இந்த இடத்தில் நிறம் என்பதை எடுத்துவிட்டுச் சாதி என்று போட்டு வாசிக்க நம்ம வாசகர்களுக்குக் கை பரபரக்கும். எனக்கும் பரபரத்தது. ஒரு சமூகத்தின் காயத்தை இன்னொன்றுக்கு உவமையாக ஆக்கிவிட்டால் இரண்டையும் பார்க்காமலே போய்விடலாம் என்பதால் கையைக் கட்டிக்கொண்டேன்.

1950களின் தொடக்கத்தில் யுனெஸ்கோ பிரேசிலில் இன உறவுகளை ஆராய ஏற்பாடு செய்தது. சாவோ பாவ்லோ பகுதியில் பிரெஞ்சு சமூகவியலாளர் ரோஜே பஸ்தீதும் ஃப்ளோரெஸ்டான் ஃபெர்னாண்டஸும் தலைமை. பிகூடோ பள்ளிக்கூடங்களை எடுத்துக்கொண்டார். பிள்ளைகளிடம் கேட்டது எளிமையான கேள்வி: உன் பக்கத்தில் யார் உட்கார்ந்தால் பிடிக்கும், யார் உட்கார்ந்தால் பிடிக்காது, ஏன்? மறுப்பு யார்மேல் கூடுதலாக விழுந்தது என்று சொல்லத் தேவையில்லை. போலந்திலிருந்து குடியேறிய யூத உளவியலாளர் அனியேலா கின்ஸ்பெர்க் அதே திட்டத்தில் இன்னொரு பகுதியை எழுதினார். 1955இல் எல்லாம் சேர்ந்து ஒரே தொகுதியாக வந்தது. 1959இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது பஸ்தீதும் ஃபெர்னாண்டஸும் மட்டும் மிஞ்சினார்கள். பிகூடோவின் பகுதி இல்லை, கின்ஸ்பெர்க்கின் பகுதி இல்லை. ஒராசி நொகெய்ரா என்ற ஆணின் பகுதியும் சேர்ந்துதான் போனது. ஆகவே பெண் என்பதால் மட்டும் வெட்டினார்கள் என்று நான் சொல்லமாட்டேன். உளவியல் வெட்டப்பட்டுச் சமூகவியல் மிஞ்சியது என்பதுதான் பொருத்தம். இனவாதத்தின் கட்டமைப்பு ஆய்வுக்கு உரியது. பக்கத்தில் உட்கார மறுக்கப்பட்ட பிள்ளையின் மனசு பின்னிணைப்பு, அடுத்த பதிப்பில் எடுத்துவிடலாம். பிரேசிலின் தலைசிறந்த இடதுசாரி அறிவுஜீவிகளில் ஒருவரான ஃபெர்னாண்டஸ் இருந்த இடத்திலேயே இது நடந்தது என்பதுதான் வருத்தம்.

அந்தக் காலகட்டத்தில் பிகூடோவின் குரல் வேறொரு பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது. எக்செல்சியோர் வானொலியில் 'நம் மனவுலகம்' என்று ஒரு நிகழ்ச்சி நடத்தினார். பொறாமை, குற்றவுணர்வு, பிள்ளை வளர்ப்பு என்று சாதாரண ஜனங்களுக்குப் புரிகிற பாஷையில் பேசினார். பத்திரிகையிலும் எழுதினார், 1956இல் அது புத்தகமாகவும் ஆனது. ஆனால் அவர் டாக்டர் அல்ல. 1954இல் சாவோ பாவ்லோவில் நடந்த லத்தீன் அமெரிக்க மனநல மாநாட்டில், மருத்துவப் பட்டம் இல்லாதவர் எப்படிச் சிகிச்சை தரலாம், இது போலி வைத்தியம் என்று டாக்டர்கள் கூச்சல் போட்டார்கள். அந்த அவமானம் தன்னை நொறுக்கிப்போட்டது என்று பின்னாளில் சொன்னார். மறு வருஷம் லண்டனுக்குக் கிளம்பினார். டாவிஸ்டாக்கிலும் மெலனி க்ளைன் வட்டத்திலும் படித்துவிட்டு 1960வாக்கில் திரும்பினார். பிறகு பயிற்சி நிறுவனம், இதழ், 1970களில் புதுத் தலைநகர் பிரசீலியாவில் உளப்பகுப்பாய்வுக்கு அடித்தளம் என்று நிறுவனத்தைக் கட்டுகிறவராகவே வாழ்ந்தார். அவருடைய எழுத்தில் நிறம் அதற்குப் பிறகு அநேகமாகக் காணாமல்போனது. துரோகம் என்று சொல்லத் தோன்றும். போலி என்று ஒருமுறை மாநாட்டு அரங்கில் கத்தப்பட்ட கறுப்புப் பெண்ணுக்கு, எல்லாரையும்விடக் கறாரான உளப்பகுப்பாய்வாளராக இருப்பதைத் தவிர வேறு வழி இருந்ததா என்று கேட்கவும் தோன்றுகிறது. அவருடைய ஆய்வேடு விவரித்த அந்தப் படியேறும் கறுப்பரின் கதையில் அவரும் ஒரு பாத்திரம்தான்.

*

அந்தக் கறாரான நிறுவனங்கள் சர்வாதிகாரக் காலத்தில் என்ன செய்தன என்பதற்கு ரியோவில் ஒரு சாட்சி உண்டு. அங்கே உளப்பகுப்பாய்வுப் பயிற்சியில் இருந்த அமில்கார் லோபோ என்ற ராணுவ டாக்டர், சித்திரவதைக் கூடத்தில் கைதி இன்னும் எவ்வளவு தாங்குவார் என்று பார்த்துச் சொல்கிறவராகவும் இருந்தார். தலைமறைவுப் பத்திரிகையான 'வோஸ் ஒபெராரியா' அவர் பெயரை வெளியிட்டது. அதைக் கத்தரித்து, ஓரத்தில் கையால் குறிப்பெழுதி, 1973இல் புவெனோஸ் அய்ரஸில் இருந்த மரி லாங்கருக்கு ஒருவர் பெயரில்லாமல் அனுப்பினார். லாங்கர் வியன்னாவில் பிறந்த யூதர், ஸ்பானிய உள்நாட்டுப் போரில் குடியரசின் பக்கம் டாக்டராகப் போனவர், மார்க்சியர். விஷயத்தைச் சர்வதேச அமைப்புக்குக் கொண்டுபோனார். ரியோ சங்கம் என்ன செய்தது? லோபோவை விசாரிக்கவில்லை. குறிப்பின் கையெழுத்தை நிபுணரிடம் கொடுத்து எழுதியது யார் என்று கண்டுபிடித்தது. ஹெலெனா பெஸ்ஸர்மன் வியானா, அவரும் யூதக் குடும்பத்துப் பெண், அவரும் உளப்பகுப்பாய்வாளர். வேட்டை அவர்மேல் திரும்பியது. லோபோ 1980களில் தானே ஒப்புக்கொண்டார். வியானா 1994இல் நடந்ததையெல்லாம் புத்தகமாக்கினார். அவர் புத்தகத்துக்கு வைத்த பெயரின் பொருள், யாரிடமும் சொல்லாதே.

பாஹியாவின் கஷோய்ராவில் பிறந்து டாக்டராகி ரியோவுக்கு வந்த கறுப்பினப் பெண் நெயுசா சாண்டோஸ் சோசா, 1983இல் 'கறுப்பராக ஆவது' என்ற மெல்லிய புத்தகத்தை வெளியிட்டார். சர்வாதிகாரம் தளர்ந்து கறுப்பர் இயக்கம் தெருவுக்கு வந்திருந்த நேரம். சமூகத்தில் மேலேறிய கறுப்பர்களின் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டு எழுதியது. தான் எப்படி இருக்க வேண்டும் என்று மனசு வைத்துக்கொண்டிருக்கும் இலட்சிய உருவமே வெள்ளையாக இருக்கும்போது, அதை எட்டவும் முடியாது, எட்டாமல் இருக்கவும் முடியாது; தன் உடம்பையே எதிரியாகப் பார்க்க வேண்டிவரும். கறுப்பாகப் பிறந்ததால் மட்டும் ஒருவர் கறுப்பராகிவிடுவதில்லை, அது ஆக வேண்டிய ஒன்று, அரசியல்ரீதியாக அடைய வேண்டிய ஒன்று என்றார். பிகூடோ சமூகவியலில் தொட்ட அதே மனிதர்கள்தான், 38 வருஷம் கழித்து உளப்பகுப்பாய்வின் பாஷையில். பிறகு நெயுசா மனச்சிதைவு பற்றி லக்கானிய நோக்கில் எழுதினார், கடுமையான மனநோய் கொண்டவர்களோடு வேலை செய்தார். கறுப்பர் இயக்கம் அவருடைய முதல் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தது. உளப்பகுப்பாய்வு நிறுவனங்கள் அதை ஏறிட்டுப் பார்க்கவில்லை. 2008 டிசம்பரில் ரியோவில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அந்த மரணத்தை அவருடைய கோட்பாட்டுக்கு விளக்கவுரையாக எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. மற்றவர் சாவைப் பிரதியாக வாசிக்கிற வியாதி நம்மிடமும் உண்டு. 2021இல் புத்தகம் மறுபதிப்பு வந்தது.

பூட்டிவைக்கும் ஆஸ்பத்திரிகளுக்கு எதிராக 1987இல் பவுரு நகரத்தில் கூடியவர்கள் மனநலத் தொழிலாளர்கள் என்றே தங்களை அழைத்துக்கொண்டார்கள். அதிலிருந்து 2001 ஏப்ரலில் 10,216ஆம் எண் சட்டம் வரை வந்த பாதை தனிக்கட்டுரைக்குரியது. நிசே 1999இல் இறந்தார். அவர் பொத்தானை அழுத்த மறுத்த ஆஸ்பத்திரிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 2022 மே மாதத்தில், தேசத்தின் வீரர்கள் பட்டியலில் அவரைச் சேர்க்கும் மசோதாவை அன்றைய அதிபர் பொல்சொனாரோ ரத்து அதிகாரத்தால் தடுத்தார். ஜூலையில் பாராளுமன்றம் அந்தத் தடையைத் தள்ளிவிட்டு அவரைச் சேர்த்தது. இறந்து 22 வருஷம் ஆன பிறகும் ஒரு அரசாங்கத்துக்கு அவர்மேல் பயம் இருந்ததை நிசே ரசித்திருப்பார்.

அந்த நர்ஸ் அம்மாவுக்கு இவோனி லாராவின் பாட்டு ஒன்றைப் பதிவு செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன். பாஷை புரியவில்லை என்றார், இரண்டு தடவை கேட்டார். பிறகு, "இவங்க ராத்திரி ட்யூட்டியும் பார்த்திருப்பாங்களா?" என்று கேட்டார்.

பிகூடோவின் ஆய்வேட்டில் ஒரு பகுதி 1947இல் ஆய்விதழில் கட்டுரையாக வந்ததோடு சரி. 1945இல் எழுதியது முழுதாகப் புத்தகமானது 2010இல். அவர் 2003இலேயே இறந்துபோயிருந்தார்.